குடம் கொத்த ஓர் ஆள்

தாயின் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டுவதற்காகப் பழைய சேலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள் மாயம்மாள். துணி கிழிகிற சத்தம் நின்ற பிறகும் இன்னொரு சத்தம் நிற்கவில்லை. பின்கட்டிலிருந்து வந்தது. அரம் இரும்பில் உரசுகிற சத்தம்.

நாகல் நகரில் அது புதுச் சத்தமில்லை. தெருவில் பாதி வீட்டில் பூட்டுக்குச் சாவி ராவுகிறவர்கள்தான் இருக்கிறார்கள். அண்ணன் சோலைமலையும் இரண்டு வருஷமாக வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து ராவிக்கொண்டிருப்பவன்தான். ஆனால் சாவியில் அரம் குட்டை குட்டையாகப் போய் வரும். இது ஒரு முழ நீளத்துக்குப் போயிற்று. நின்றது. மறுபடியும் போயிற்று.

"பெத்தவ இங்ஙன கெடக்குறா, அவன் என்னத்தடி ராவுறான்?" என்றாள் சின்னம்மா ராமுத்தாய்.

மாயம்மாள் துணியை அவள் கையில் திணித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

மடங்காத வலது காலை நேராக நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் சோலைமலை. தொடை மேல் அரிவாள் கிடந்தது.

"என்னண்ணே இது?"

"கொடம் கொத்த வேணாமா?"

கொள்ளி வைக்கிற மகன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் ஏற்றிச் சிதையை மூன்று முறை சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வருகிற ஆள் அரிவாள் மூக்கால் குடத்தில் ஒரு பொத்தல் போடுவான். மற்றவர்களுக்கு அதை நாவிதர் செய்வார். இவர்கள் வகையறாவில் வீட்டு மருமகன்தான் செய்ய வேண்டும். மண் குடத்தைக் கொத்த மூக்கு போதும். அரிவாளின் வாயை யாரும் தீட்டுவதில்லை.

"அதுக்கு எதுக்குண்ணே இம்புட்டுத் தீட்டுறீக?"

சோலைமலை அரத்தைக் கீழே வைத்தான். கட்டைவிரலைக் குறுக்காக வைத்துக் கூர் பார்த்தான்.

"மாப்ளைக்கு ஆள் விட்டாச்சா?"

மாயம்மாளின் புருஷன் ராமரை 'மாப்ள' என்று அவன் சொல்லி இரண்டு வருஷமாகிறது. 'அந்தப் பய' என்றுதான் சொல்வான். அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொல்வான்.

"சைக்கிள்கடைக் கிதர் அண்ணன் சாணார்பட்டிக்கு ஆள் அனுப்பிருக்கு."

"கட்டாயம் வரணும்னு சொல்லு. கொத்துறது அவந்தான்."

அரம் மறுபடி நீளமாகப் போயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முந்திய பொங்கல் வரை சோலைமலையைத் தெரியாத ஆள் திண்டுக்கல்லில் கிடையாது. சடுகுடுவில் அவன் நடுக்கோட்டைத் தாண்டிப் பாடிப் போனால் எதிர் அணி பின்சுவர் வரை ஒதுங்கும். அந்தப் பொங்கலுக்கு மலைக்கோட்டை அடிவாரப் பொட்டலில் சாணார்பட்டி அணியோடு கடைசி ஆட்டம். சாணார்பட்டிப் பக்கம் நின்றவன் ராமர், தங்கச்சியைக் கட்டியவன். மச்சானும் மச்சானும் மோதுகிறார்கள் என்று கூட்டம் கூடிவிட்டது.

சோலைமலை இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது ராமர் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். சோலைமலை திமிறினான். முட்டி திரும்பியது. கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரிச் சத்தம் வந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதோடு நின்றிருந்தால் ஒரு மாதக் கட்டோடு போயிருக்கும். சோலைமலை பாட்டை நிறுத்தவில்லை. 'சடுகுடு சடுகுடு' என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே, ஒடிந்த காலை ராமர் கையில் விட்டுவிட்டு, கையை ஊன்றிக் கோட்டை நோக்கி உடம்பை இழுத்தான். பாடுகிறவன் மூச்சு விடும் வரை பிடித்தவன் பிடியை விடக் கூடாது. அதுதான் ஆட்டம். ராமர் விடவில்லை. கோட்டுக்கு நாலு விரற்கடை இருக்கும்போது சோலைமலையின் மூச்சு நின்றது. அதற்குள் முட்டிக்குள் இருந்ததெல்லாம் அறுந்திருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். கால் கிடைத்தது. முட்டி கிடைக்கவில்லை.

அதன் பிறகு பகலில் அவன் தெருவில் கால் வைத்ததில்லை. கம்பு ஊன்ற மாட்டான். சுவரைத் தடவித் தடவி நடப்பான். சுவரில் அவன் தோள் உயரத்துக்கு ஒரு கறுப்புக்கோடே விழுந்துவிட்டது. ஆட்டக்காரப் பையன்கள் தெருவழியே போனால் சன்னலைச் சாத்திவிடுவான். பொழுது சாய்ந்தால் படுத்தபடியே, உதடு அசையாமல், பாட்டுப் பாடி மூச்சுப் பிடிப்பான் என்று அம்மா சொல்லி அழுதிருக்கிறாள். "எலும்பு முறியறதக் காதால கேட்டான். கேட்டும் விடல" என்பது மட்டும்தான் அவன் பேச்சு. அதையே சாப்பிட்டான், அதையே குடித்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவன் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள் அம்மா பெருமாயி.

"என் உசுரு இருக்குற மட்டும் அவன் மேல கை வைக்க மாட்டேன்னு சொல்லுறா."

"உன் உசுரு இருக்குற மட்டும் வைக்க மாட்டேன்" என்றான் சோலைமலை. வார்த்தைக்கு வார்த்தை.

அந்த உசுர் இன்று விடியும்போது போய்விட்டது.

ராமர் பஸ் இறங்கி வருகிற வழியில், தெருமுக்கில் கிதர் முகம்மதுவின் சைக்கிள் கடை இருந்தது. கிதர்தான் திண்டுக்கல் அணிக்குத் தலைவன். மாயம்மாள் அங்கேயே போய்ப் புருஷனை மறித்தாள். அவன் கையில் மாமியாருக்குப் போடக் கோடிச் சேலை இருந்தது. வேட்டி ஓரத்தில் தோட்டத்துச் சேறு காயவில்லை. சேதி கேட்டதும் அப்படியே கிளம்பியிருக்கிறான்.

"இந்தா பாருங்க, இப்படியே திரும்பிருங்க. காய்ச்சல்னு சொல்லிக்கிறேன்."

"என்னத்துக்கு?"

"அரிவாளத் தீட்டிக்கிட்டு இருக்குது. அம்மா போயிருச்சு. சத்தியமும் அதோட போச்சு."

ராமர் கோடியைக் கை மாற்றிப் பிடித்தான்.

"இன்னிக்கு நான் ஓடுனேன்னு வச்சுக்க, அன்னிக்கு வேணும்னுதான் ஒடிச்சேன்னு ஆயிரும். ரெண்டு வருசமா உங்க வாசப்படிய மிதிக்கல. அத்தைக்கு இது ஒண்ணாவது செய்யணும்ல."

"நான் தாலிய அறுக்கவா?"

சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த கிதர் நிமிர்ந்தான். "நான் கூடவே இருக்கேன் தங்கச்சி. அவன் தோள்ல கொடம் ஏறிருச்சுன்னா ரெண்டு கையும் வேலையாயிரும். அது ஏறுற வரைக்கும்தான் பாக்கணும்."

"ஏறுறதுக்கு முன்னாடி?"

கிதர் பம்பைக் கீழே வைத்தான்.

வீட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. கிணற்றுத் தண்ணீரோடு நீர்மாலை வந்தது. குளிப்பாட்டினார்கள். ராமர் கோடியைப் போர்த்தியபோது சோலைமலை சுவரைப் பிடித்தபடி எதிரிலேயே நின்றான். இருவருக்கும் நடுவில் பெருமாயி தாடை கட்டிக் கிடந்தாள். கொட்டுச் சத்தத்தில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. மாயம்மாள் மட்டும் அழாமல் அண்ணன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, கண்ணுல பொட்டுத் தண்ணி வரல? ஊரு பாக்குதுடி" என்று ராமுத்தாய் அவள் முதுகில் குத்தினாள்.

பாடைக்குப் பின்னால் சோலைமலை நடக்க முடியாது என்று குதிரைவண்டி பிடித்திருந்தார்கள். அவன் ஏறியதும் படுதாவை இறக்கிவிடச் சொன்னான். ஏறும்போது அரிவாளைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்ததை மாயம்மாள் பார்த்தாள்.

"அண்ணே, அதை அவுக கையில குடுத்துருங்களேன்."

"அங்க வச்சுக் குடுக்குறேன்" என்றான் படுதாவுக்குள்ளிருந்து.

பெண்கள் முச்சந்தியோடு நின்றுகொண்டார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு வழியில்லை. பாடை திரும்பியது. வண்டி திரும்பியது. கடைசியாக ராமரின் தலை திரும்பியது.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலை கிடந்த இடத்தில் விளக்கை வைத்தார்கள். யாரோ மாயம்மாளுக்குக் காப்பித்தண்ணி கொடுத்தார்கள். அது ஆறி ஆடை கட்டியது. தெருவில் ஆள் நடமாடுகிற சத்தம் கேட்டால் எழுந்தாள், உட்கார்ந்தாள். கொட்டுச் சத்தம் ரொம்ப நேரம் முன்பே நின்றுவிட்டது.

முதலில் வந்தது குதிரைவண்டி. படுதா இறங்கியே இருந்தது.

வண்டிக்காரன் இறங்கவில்லை. பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிதர் வந்தான். அவன் சட்டைக் கையில் ரத்தம். மாயம்மாள் ஓடிப்போய்ப் படுதாவைத் தூக்கினாள்.

உள்ளே ராமர் ஈரவேட்டியோடு கிடந்தான். முழங்காலுக்குக் கீழே வேட்டி முழுக்கச் சிவப்பு. அண்ணன் இல்லை.

"எங்க எங்கண்ணன்?" என்றாள். புருஷனைக் கேட்காமல் அண்ணனைக் கேட்கிறோம் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

"வாரான்" என்றான் ராமர்.

"என்ன செஞ்சீக? ரெண்டு பேரும் என்ன செஞ்சீக?"

"தங்கச்சி, மொதல்ல இவன எறக்கு" என்றான் கிதர். "உசுருக்கு ஒண்ணுமில்ல. பாதத்துல வெட்டு. அதுவும் இவனே வாங்குனது."

வாசற்படியில் உட்கார வைத்தார்கள். புறங்காலில் கிதரின் கைக்குட்டை ஊறிப்போயிருந்தது.

"அரிவாளக் கையில வச்சுக்கிட்டு செத்த நேரம் என்னையே பாத்தான்" என்றான் ராமர். "அத்தைய வச்சு வெறகு அடுக்கிருக்கு. கிதரு கூட எட்டத்துல நிக்குறான். நானும் நகரல. அப்புறம் பிடிய என் பக்கம் திருப்பிக் குடுத்தான். குடுத்துட்டு முதுகக் காட்டிக் கொடத்தத் தூக்கிக்கிட்டான்."

"மொதச் சுத்து போயிருச்சு" என்றான் கிதர். "ரெண்டாவதுல பழைய சாம்பல்ல அந்தக் காலு வழுக்குது. ஒரு கையில கொடம், ஒரு கையில கொள்ளி. எதப் பிடிப்பான்? இவன் அரிவாளப் போட்டுட்டு இடுப்பக் கட்டிட்டான். அது நேரா இவன் கால்ல எறங்குது. சவரம் பண்ணலாம், அம்புட்டுத் தீட்டு."

"கொடம் ஒடையல" என்றான் ராமர். "அவன் ஒடம்பு கட்டையா நிக்குது. நானும் விடல. கால்ல ரத்தம் போறது கூடத் தெரியல எனக்கு. அப்பத்தான் சொன்னான்."

"என்ன சொன்னாக?"

"விடுன்னான்."

"நீங்க?" என்றாள் மாயம்மாள்.

"விட்டுட்டேன்" என்றான் ராமர். சற்றுப் பொறுத்து, யாருக்கும் இல்லாமல், "அன்னிக்குச் சொல்லாதவன், விடுன்னான்" என்றான் மறுபடியும். அவன் உதடு கோணியது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"மூணாவது சுத்தும் அவனே போனான்" என்றான் கிதர். "திரும்புறப்ப வண்டியில ஏறச் சொன்னோம். இவன ஏத்திட்டுப் போங்கடான்னுட்டான்."

அப்போது தெருமுக்கில் ஓர் ஆள் திரும்பினான். மாயம்மாளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தலை மொட்டை. மீசை இல்லை. இடுப்பில் ஈரத்துண்டு. வலது கால் மடங்காமல், ஒவ்வொரு எட்டுக்கும் வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டு வந்து ஊன்றியது. கையில் கம்பு இல்லை. பிடிக்கச் சுவரும் இல்லை. தெரு நடுவில் வந்தான். உச்சி சாய்ந்த வெயிலில் அவன் நடை நிழலிலும் விகாரமாக விழுந்தது.

குழாயடியில் பேச்சு நின்றது. டீக்கடைப் பெஞ்சில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். சோலைமலை யாரையும் பார்க்கவில்லை. யாரிடமிருந்தும் முகத்தைத் திருப்பவும் இல்லை. ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். வாயைத் திறந்து, எல்லோரும் பார்க்க, நன்றாக வாங்கினான். பிறகு நடந்தான்.

கிதர் ஓர் எட்டு முன்னால் வைத்தான். மாயம்மாள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

வாசலுக்கு வந்ததும் சொம்புத் தண்ணீரை அண்ணன் காலில் ஊற்றினாள். அவன் படியில், ராமருக்குப் பக்கத்தில், காலை நீட்டி மெதுவாக உட்கார்ந்தான். ராமர் நகர்ந்து இடம் விட்டான். சோலைமலை ராமரின் காலைப் பார்த்தான்.

"கால இப்படித் தொங்க விட்டா ரத்தம் நிக்காதுடா" என்றான் சோலைமலை. "ஒசரத்துல வைக்கணும். எனக்குத் தெரியும்."

குனிந்து ராமரின் பாதத்தை இரண்டு கையாலும் தூக்கி, நீட்டியிருந்த தன் காலின் மேல் வைத்துக்கொண்டான். கைக்குட்டையிலிருந்து கசிந்த ரத்தம் அவன் முட்டியில், ஆஸ்பத்திரித் தையல் போட்ட பள்ளத்தில் மெல்ல இறங்கியது. அவன் அதைத் துடைக்கவில்லை.