கம்பி போகும் வழி

டாக்டர் ராமஸ்வாமி வெளிநாட்டில் ஆறே வாரம் இருந்துவிட்டு வந்தவர். அந்த ஆறு வாரத்தை அறுபது வருஷ அனுபவம்போலப் பேசுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழில், அவர் வேலை பார்த்த மணவாள நகர் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு, ரத்தக் குழாய்க்குள் நகரும் கம்பியைத் திரையில் காட்டும் எக்ஸ்ரே மெஷின் வந்தது. அதற்கப்புறம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மெஷினை இயக்கும் ஸத்யபாமாவுக்கோ அவரைக் கண்டாலே வாய் கோணிக்கொள்ளும். இத்தனை பெரிய திரை இருந்தும் தன் விரலையே ரசித்துக்கொண்டிருக்கும் மனுஷன்!

அன்றைக்கு மேஜைமேல் படுத்திருந்தவர் பாக்கியநாதன், கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைத் தொழிலாளி. தொடையில் ரத்தக் குழாய் சுருங்கி, கால்விரல் புண் ஆறாமல் கறுத்துக்கொண்டு வந்தது. காலை வெட்டாமலிருக்க ஒரே வழிதான். தொடை இடுக்கில் ஊசியால் குத்தி, மெல்லிய கம்பியைச் சுருங்கிய இடத்துக்கு அப்பால் செலுத்தி, அதன்மேலேயே குழாயை ஏற்றி அடைப்பை அகட்ட வேண்டும். குத்திய இடம் மரத்திருந்ததே தவிர, ஆள் முழு நினைவோடுதான் இருந்தார்.

ஸத்யபாமா பெடலை மிதித்தாள். சாம்பல் நிறத் திரையில் கம்பி ஊர்ந்துபோய் ஒரு பக்கக் கிளைக்குள் தலையை நுழைத்தது.

"சார், கிளைக்குள்ள போயிடுத்து."

"நீ படம் காட்டு. வழி என் விரலுக்குத் தெரியும்."

தள்ளினார். கம்பி வளைந்தது. பாக்கியநாதன் பல்லைக் கடித்தார்.

"இன்னா டாக்டரே, அந்தம்மா சொல்லிக்கினே இருக்குது. கொஞ்சம் கேளுங்களேன்."

"பேசாம படுய்யா."

மறுபடியும் தள்ளப் போனார். ஸத்யபாமா பெடலிலிருந்து காலை எடுத்தாள். திரை இருண்டது.

"இன்னும் தள்ளினா கிளை கிழிஞ்சுடும் சார். பின்னால இழுக்கறதா இருந்தா படம் காட்டறேன்."

ராமஸ்வாமி முறைத்தார். வழி தெரிந்த விரல்கள் இருட்டுத் திரைக்கு முன்னால் அப்படியே நின்றன. அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை; அருவருப்பாக இருந்தது. கடைசியில் கம்பியை இழுத்தார். அவள் "இடது பக்கமா திருப்புங்கோ, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லச் சொல்ல, அது நேர்வழியில் இறங்கிற்று. ஒரு மணி நேரத்தில் பாக்கியநாதனின் பாதம் சூடு கண்டது.

வெளியே காத்திருந்த அவர் மனைவி சின்னப்பொண்ணு கையெடுத்துக் கும்பிட்டாள். "எல்லாம் கைராசி" என்று ராமஸ்வாமி கும்பிடை வாங்கிக்கொண்டார். உள்ளே திரும்பி வந்து, "நாளையிலேர்ந்து நீ நெஞ்சுப் படம் எடுத்தா போதும்" என்றார்.

"சரி சார்" என்றாள். அந்த ஆளிடம் அதற்குமேல் ஒரு வார்த்தை செலவழிக்க அவளுக்கு மனசில்லை.

திங்கட்கிழமை ராமஸ்வாமி மெஷினை இயக்க வேறொருவரை நிறுத்திக்கொண்டார். அரை மணி கழித்து வார்டுபாய் மோசஸ் ஓடி வந்தான்.

"அம்மா, டாக்டரு ஒன்னிய அர்ஜண்டா கூப்புடுறாரு."

"கம்பி உள்ள இருக்கா?"

"இன்னும் ஊசியே போடலம்மா. நீ வந்தாதான் போடுவாராம்."

"அப்ப நிக்கட்டும்" என்றாள் ஸத்யபாமா. பிறகு, பலகையில் நெஞ்சைச் சாய்த்து நின்ற இருமல்காரக் கிழவரிடம் திரும்பினாள்.

"மூச்சை நன்னா இழுத்துப் பிடிங்கோ, பெரியவரே. அவசரமே இல்லை."