சீதனமாக வந்த மணல்

சாப்பாட்டுத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, மாமியார் அந்த இடத்தில் ஒரு பத்திரத்தை வைத்தாள். புருஷன் பேனாவை நீட்டினான்.

"கையெழுத்தப் போட்டுட்டுச் சாப்பிடு," என்றான்.

மருமகள் பேனாவை வாங்கவில்லை. காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அது தெரிந்துதான் மதியம் இரண்டு மணிவரை காத்திருந்து பத்திரத்தை எடுத்தார்கள்.

பத்திரம் ஒரு மணல்மேட்டைப் பற்றியது. பதினோரு வருடத்துக்கு முன், கல்யாணப் பேச்சில் இவர்கள் கேட்ட சீதனத்தை அவளுடைய அப்பாவால் கொடுக்க முடியவில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் கடலோரத்தில், புல்கூட முளைக்காத மணல்மேடு ஒன்றுதான். அதை மகள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டு அடுத்த வருடமே போய்ச் சேர்ந்தார். உலகத்தில் அவள் பெயரில் இருந்தது அது மட்டுமே.

அந்த மேடே இந்த வீட்டில் அவளுக்குப் பெயராகவும் ஆகிவிட்டது. "மணல்மேட்டக் கூப்பிடு, பாத்திரம் கெடக்குது," என்பார்கள். "எங்க மருமக வண்டி வண்டியாக் கொண்டு வந்தா, அத்தனையும் மண்ணு," என்று வருகிறவர்களிடம் மாமியார் சொல்வாள். அவர்கள் சிரிப்பார்கள். கூடச் சேர்ந்து சிரிக்க மருமகளும் பழகிக்கொண்டாள். அவளை அப்படிச் சிரிக்கப் பழக்கியதை எந்தச் சட்டமும் குற்றம் என்று சொல்வதில்லை.

போன மாதம், கண்ணாடித் தொழிற்சாலைக்கு மணல் தேடி ஒரு குழு வந்தது. மேட்டின்மேல் கயிறு கட்டி அளந்து, பன்னிரண்டு இடங்களில் குழாய் இறக்கி மண் எடுத்தார்கள். குழுவின் தலைவரான ஆய்வாளர் ஒரு பிடி மணலை உள்ளங்கையில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "கண்ணாடிக்கு வேண்டிய சிலிக்கா நல்லாவே இருக்கும் போலிருக்கே," என்றார். அவ்வளவுதான், மணல்மேடு குடும்பச் சொத்தாகிவிட்டது. அன்றைக்கே மாமியார் மருமகளைக் "கண்ணு" என்று கூப்பிட்டாள். மேட்டைப் புருஷன் பெயருக்கு மாற்றப் பத்திரமும் தயாரானது.

"சோதனை முடிவு வரட்டும். அப்புறம் போடுறேங்க," என்றாள் மருமகள்.

"வந்தா மட்டும் ஒனக்கு என்ன வெளங்கப் போவுது? கம்பெனிக்காரன் பொம்பளகிட்டயா வந்து பேசுவான்?"

புருஷன் சொன்னதில் பொய்யில்லை. அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஜீப் வந்து நின்றது. பன்னிரண்டு ஈரப் பைகளையும் பன்னிரண்டு காய்ந்த பைகளையும் இறக்கிவைத்த ஆய்வாளர், மேடு யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்தும், புருஷனைப் பார்த்துத்தான் பேசினார்.

"மண்ண நல்லாக் கலந்து ரெண்டு பாதியாப் பிரிச்சிருக்கோம். காஞ்ச பாதி சொந்தக்காரங்ககிட்ட இருக்கணும், பின்னால சந்தேகம் வந்தாப் பாக்குறதுக்கு. ஈரமா இருக்குறதுதான் சோதனைக்குப் போறது. எங்க கொட்டகை ஒழுகி மழையில மாட்டிக்கிச்சு, அங்க காய வைக்க முடியாது. பிளாஸ்டிக் விரிப்புல, நிழல்ல காய வைங்க, நாளன்னைக்கு வந்து எடுத்துக்கிறோம். இரும்பு மட்டும் படவே கூடாது. கண்ணாடிக்கு இரும்புதான் எமன்."

புருஷன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். அவன் மனம் கட்டப்போகும் மாடியில் இருந்தது. டீத் தட்டோடு கதவோரம் நின்ற மருமகள்தான் ஒரு சொல் விடாமல் கேட்டாள். ஜீப் போனதும் காய்ந்த பைகளைக் காலால் தள்ளி, "இத எங்கயாவது போடு," என்றான் அவன். அவள் அவற்றைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கடைசிவரை அவள் பேனாவைத் தொடாததால், சோதனை முடிவு வரும்வரை பத்திரம் அலமாரிக்குப் போனது.

மறுநாள் காலையில் மாமியார் ஈர மணலைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"என்ன இது, அழுது வடியுது? பொண்ணு பாக்க வரும்போது மொகம் கழுவி நிக்க வேண்டாமா?"

பரணிலிருந்து பழைய இரும்புச் சட்டி இறங்கியது. துரு அப்பிய சட்டி. அடுப்பில் ஏற்றி, இரும்புக் கரண்டியால் வறட்டு வறட்டென்று கிளறி மணலை வறுக்க ஆரம்பித்தாள்.

"அத்தை, இரும்புல வேண்டாம். நேத்து அந்த சார்..."

"நீ வாய மூடு. மண்ணு கொண்டு வந்தவளுக்கு மண்ணப் பத்தி என்ன தெரியும்?"

புருஷன் சிரித்தான். மருமகள் வாயை மூடிக்கொண்டாள். ஒரு தடவை சொல்லியாயிற்று, இரண்டாவது தடவை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வறுத்த மணல் பொலபொலவென்று பைகளுக்குத் திரும்பியது. ஆய்வாளர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மணலில் இரும்பு மிக அதிகம், கண்ணாடிக்கு உதவாது.

புருஷன் இரண்டு தடவை படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். மாமியார் அலமாரியைத் திறந்து, கையெழுத்தாகாத பத்திரத்தை எடுத்து நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

"தரித்திரம். அவ அப்பன் குடுத்தது வேற எப்படி இருக்கும்? ஒன் மண்ண நீயே வச்சுக்கோ. பொட்டியில வச்சிருக்கியே குப்ப, அதையும் வெளிய கொண்டுபோய்க் கொட்டு."

"சரி அத்தை," என்றாள் மருமகள்.

இரண்டு கூடைகளில் பன்னிரண்டு பைகளையும் அடுக்கிக்கொண்டு நடந்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கம், குழு தங்கியிருந்த கொட்டகையில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளரின் மேசைமேல் கூடைகளை இறக்கி, சட்டிக் கதையைச் சொன்னாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு ஒரு பையைப் பிரித்து மணலைத் தாளில் கொட்டிப் பார்த்தார். துருவின் நிழல்கூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"கட்டினதப் பிரிங்கப்பா," என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "இது பெரிய விஷயம்மா. வீட்டுல ஆம்பளைங்க யாரையாவது அனுப்புங்க. அவங்ககிட்டப் பேசிக்கிறேன்."

"அவங்ககிட்டப் பேசித்தான் சார் மண்ணு கெட்டுச்சு. மேடு என் பேர்ல இருக்கு. எங்கிட்டப் பேசுங்க."

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.