ஜாடிக்குள் இருந்த கை

கடலிலிருந்து வரும் எதையும் உப்பு இறங்கும்வரை நல்ல தண்ணீரில் போட்டுவைப்பது தீவின் அருங்காட்சியகத்தில் வழக்கம். பின்கட்டுத் தொட்டியில் அந்த ஜாடி வாரக்கணக்கில் ஊறிக்கொண்டிருந்தது. கழுத்தோரம் உடைந்து, வயிறு நிறையச் சேறு இறுகிப்போன ஜாடி. அன்று காலை தெமெலினா அதைக் கோணியின்மேல் சாய்த்து வைத்து, மரக்கரண்டியால் சேற்றைத் தோண்டிச் சல்லடையில் போட்டுக்கொண்டிருந்தாள். கூட்டிப் பெருக்குவதும் துடைப்பதும்தான் அவள் வேலை. சேறு சலிப்பதும் காலப்போக்கில் அவள் தலையில் வந்து விழுந்திருந்தது.

காவலாளி கிளியாந்தீஸ் காப்பிக் கோப்பையோடு வந்து நிலைப்படியில் சாய்ந்தார்.

"என்ன தாயி, பழங்காலத்துத் திராட்சை ரசம் ஒரு சொட்டாவது மிச்சம் இருக்கா?"

"இருந்தா எனக்கு முன்னாடி உங்க மூக்கு கண்டுபிடிச்சிருக்கும்ணே."

அவர் சிரித்தார். அவளும் குனிந்தபடியே லேசாகச் சிரித்தாள்.

"எங்க மாட்டுச்சாம் இது?" என்று பேச்சுவாக்கில் கேட்டாள்.

கிளியாந்தீஸ் கோப்பைக்குள் எதையோ தேடுகிறவர்போல் பார்த்தார். "கழுதைப்பாறைக்கு வெளிப்பக்கம். அங்க பழைய கப்பல் ஒண்ணு சரக்கோட, ஆளோட முழுகிக் கிடக்காம். இழுவைப் படகுக்காரன் வலை அதுல சிக்கிக்கிச்சு." பிறகு தாழ்ந்த குரலில், "சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்" என்றார்.

தெமெலினாவின் கரண்டி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தோண்டத் தொடங்கியது. கிளியாந்தீஸ் மெல்ல உள்ளே போய்விட்டார்.

கழுதைப்பாறையில்தான் அவள் மகன் மிக்கேஸின் படகு உடைந்தது. ஏழு குளிர்காலத்துக்கு முந்தைய சங்கதி. புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு முந்தின நாள், தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தபோது, முதல்நாள் போட்ட வலையை எடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். துணைக்குத் தெயோஃபிலிஸைக் கூப்பிட அவன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று குரல் கொடுத்தான். தெயோஃபிலிஸின் மனைவி நோமிக்கி, "வேணாம், போகாதீங்க" என்றாள். "அட, அரை மணி நேரம். சூப்பு ஆறுறதுக்குள்ள உன் புருஷனைக் கொண்டாந்து விட்டுடறேன்" என்றான் மிக்கேஸ். மறுநாள் ஒரு துடுப்பும் இரண்டு பலகைகளும் கரை ஒதுங்கின. ஆட்கள் வரவில்லை.

படகுத்துறையில் ஊரே பார்க்க, நோமிக்கி தெமெலினாவின் முகத்துக்கு நேராக நின்று, "உன் மகன் என் புருஷனைக் கூட்டிட்டுப் போய்க் கொன்னுட்டான். அவன் எலும்பு உன் கைக்குக் கிடைக்கக் கூடாது" என்றாள். அதற்கு முன் அவளை வாய் நிறைய அத்தை என்று கூப்பிட்டவள். அதற்குப் பின் ஒரே சந்தில் எதிர்ப்பட்டாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள்.

சாபம் பலித்தது. நிலத்தில் செத்தவர்களைச் சில வருஷம் கழித்துத் தோண்டி எடுத்து, எலும்புகளைத் திராட்சை ரசத்தில் கழுவி, பெயர் எழுதிய பெட்டியில் வைத்து, கல்லறைத் தோட்டத்து எலும்பறையில் சேர்ப்பார்கள். அப்போதுதான் செத்தவருக்கும் ஓய்வு, பெற்றவளுக்கும் ஓய்வு. வருஷா வருஷம், செத்தவர்களை நினைக்கும் ஆன்மாக்களின் சனிக்கிழமையன்று பெண்கள் அவித்த கோதுமைத் தட்டோடு தத்தம் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது, தெமெலினா எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசலிலேயே நிற்பாள். மதில் பக்கம் நோமிக்கியும் நிற்பாள். இருவருக்கும் முகம் கடலைப் பார்த்து, ஒருவரையொருவர் பாராமல்.

சேற்றின் நடுப்பகுதி இளகி வந்தது. எட்டுக் கைகள் கொண்ட பேய்க்கணவாய் ஒன்று அந்த ஜாடியில் குடித்தனம் நடத்தியிருக்கிறது. அது இழுத்துவந்து சேர்த்த சிப்பிகள், நண்டுக் கொடுக்குகள், வழவழப்பான கற்கள். அவற்றோடு சல்லடையில் வேறு சிலவும் உருண்டன. சிறியவை, நடுவில் ஒடுங்கி இரு முனையிலும் பருத்தவை, புகையிலை நிறம். பழைய சவக்குழிகளிலிருந்து வந்த எலும்புகளைக் கீழறையில் தினமும் தூசி தட்டுகிறவள் அவள். மனித விரல்தான் அது என்று உடனே தெரிந்தது.

 சிலுவை போட்டுக்கொண்டாள். "மிக்கே" என்றாள்.  தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து மடியில் விரித்து, ஒவ்வோர் எலும்பாக எடுத்து அதில் வைத்தாள். ஈரத்தில் அவை கனமில்லாமல் இருந்தன.

கடைசிக் கரண்டிச் சேற்றில் மோதிரம் வந்தது.

கட்டைவிரலால் தேய்த்தாள். தங்கம் பளிச்சிட்டது. வளையத்தின் உட்புறம் கல்யாணத் தேதியும், பெண்ணின் பெயரும்: நோமிக்கி.

மிக்கேஸ் கல்யாணம் ஆகாதவன்.

 கூடத்துக் கதவு திறந்திருந்தது. அங்கே நின்ற பழைய கல்லறைக் கல் அவள் கண்ணில் பட்டது. நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருக்க, எதிரே நிற்கும் வாலிபன் அவள் கையைப் பிடித்திருக்கிறான். இதில் செத்தது யார், பிழைத்தது யார் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது என்று வருகிறவர்களிடம் கிளியாந்தீஸ் சொல்வார். அதை எத்தனையோ தரம் துடைத்திருக்கிறாள். இன்று அதைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டாள்.

மோதிரம் தனியாகத்தானே கிடந்தது, எலும்போடு ஒட்டியா இருந்தது என்று மனம் கணக்குப் போட்டது. மோதிரத்தை நோமிக்கியின் ஜன்னலில் வைத்துவிடலாம். அது அவளுக்கு. எலும்பு எனக்கு. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? துணியின் முனைகளைச் சேர்த்து முடிந்தாள்.

கிளியாந்தீஸ் வந்தார். வெறும் தலையோடு அவள் உட்கார்ந்திருப்பதையும், மடியில் இருந்த முடிச்சையும் பார்த்தார்.

"ஏதாச்சும் கிடைச்சுதா தாயி?"

"சிப்பிண்ணே."

அவர் கண் முடிச்சிலேயே நின்றது. "மண்பாண்டத்துக்குத்தான் நான் பொறுப்பு, சிப்பிக்கு இல்ல" என்றார். "தலையில எதையாவது போட்டுக்க. காத்து ஈரமா அடிக்குது."

அன்று மதியமே பாதிரியாரிடம் போனாள். பாதிரியார் எலியாஸ் அப்போது கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். எலும்பறையில் ஒரு பெட்டிக்கு இடம் வேண்டும் என்றாள். கிழவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"மிக்கேஸா?"

தலையை ஆட்டினாள். வாயால் சொல்லவில்லை, அதனால் பொய் பாதியாகிவிடும் என்பதுபோல். அவர் கண் கலங்கிவிட்டது. "வர்ற ஆன்மாக்களின் சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் வச்சுடலாம்மா. ஆண்டவர் உன்னை மறக்கல" என்று அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் வீடுவரை கூடவே வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எலும்புகளை மேசைமேல் வைத்து, பாத்திரத்தில் திராட்சை ரசத்தை ஊற்றினாள். மகனுடைய கை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். இடது கட்டைவிரலில் தூண்டில் கிழித்த தழும்பு. நகத்துக்குள் எப்போதும் தார். அவ்வளவும் தோலோடு போய்விட்டது. இங்கே இருப்பது யாருடைய கையாகவும் இருக்கலாம். கழுவப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். மோதிரத்தை முதலில் சேர்த்துவிட்டு வந்து கழுவலாம் என்று தோன்றியது. முடிச்சை வீட்டில் விட்டுவைக்கவும் மனம் வரவில்லை. ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நோமிக்கியின் வீட்டு ஜன்னல் மூடியிருந்தது. வாசற்படியில் வைத்தால் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். சாரலில் நனைந்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் அவள் நின்றபோது கதவு திறந்தது.

நோமிக்கி கையில் அகப்பையோடு நின்றாள். உள்ளேயிருந்து அவித்த கோதுமையின் ஆவி வந்தது. அவளுக்கும் தலை நரைத்துவிட்டிருந்ததைத் தெமெலினா அப்போதுதான் பார்த்தாள்.

"என்ன?" என்றாள் நோமிக்கி.

தெமெலினாவின் கை ரவிக்கைப் பக்கம் போய்த் திரும்பியது. 

"குளிர்ல நின்னு என் வாசல்லயே செத்து வைக்கப் போறியா? அந்தப் பேரையும் நான்தான் சுமக்கணுமா? உள்ள வா."

உள்ளே போனாள். நோமிக்கி கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவள்மேல் எறிந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அடுப்புப் பக்கம் இருந்த முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். "உக்காரு. தலையைத் துவட்டு."

துண்டு அடுப்புச் சூட்டில் இதமாக இருந்தது. ஆண்டவர் செங்கடலைப் பிளந்தது ஒரே ஒரு தடவைதான். மற்ற நாட்களில் இப்படி ஒரு துண்டைத்தான் கொடுத்தனுப்புகிறார். தெமெலினா அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் மோதிரத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். கை அதோடு நிற்கவில்லை. ரவிக்கைக்குள் போய் முடிச்சையும் எடுத்து மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்து அவிழ்த்தது.

"கழுதைப்பாறையில மாட்டின ஜாடி. அதுக்குள்ள இருந்துச்சு. மோதிரத்தை மட்டும் குடுத்துட்டு எலும்பை நான் எடுத்துக்கலாம்னு இருந்தேன். எலியாஸ் சாமிகிட்ட மிக்கேஸோடதுன்னு தலையாட்டிட்டேன். பொய். இது உன் வீட்டுக்காரர்."

நோமிக்கி அகப்பையைக் கீழே வைத்தாள். மோதிரத்தை விளக்குப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். தன் பெயரைப் படித்தாள். 

"மோதிரம் விரல்ல இருந்துச்சா?" என்றாள் திரும்பாமல்.

"ஆமா" என்றால் முடிந்துவிடும். தெமெலினா துண்டைப் பிசைந்தாள்.

"இல்ல. சேத்துல தனியாக் கிடந்துச்சு."

"அப்ப இது உன் மகனாகவும் இருக்கலாம்."

"இருக்கலாம். யாராகவும் இருக்கலாம். அங்க ஒரு பழைய கப்பலே ஆளோட முழுகிக் கிடக்காம். அந்தக் காலத்து மாலுமியாக் கூட இருக்கலாம்."

கோதுமை அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. நோமிக்கி போய்ச் சட்டியை இறக்கி வைத்தாள். திரும்பி வந்து எலும்புகளைப் பார்த்தாள். ஒரு விரலால், அதற்கு வலிக்கும் என்பதுபோல், தொட்டாள்.

"ஜன்னலுக்குக் கீழே அவன் கூப்பிட்ட குரல் இன்னும் என் காதுல இருக்கு" என்றாள். "மன்னிச்சுட்டேன்னு நினைக்காத. அது எனக்கு வரல. வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன், வரல."

"நான் கேக்கல."

நோமிக்கி அலமாரியிலிருந்து ரசப் புட்டியை எடுத்தாள். அகன்ற கிண்ணத்தில் ஊற்றி நடுவில் வைத்தாள். இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கழுவு. நான் வாங்கித் துடைக்கறேன்."

ஒவ்வோர் எலும்பாக ரசத்தில் முங்கி எழுந்து, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது.  கடைசி எலும்பைக் கொடுக்கும்போது நோமிக்கியின் ஈர விரல்கள் தெமெலினாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, உடனே விடாமல், கொஞ்ச நேரம் வைத்திருந்தன.

மறுநாள் மழை விட்டிருந்தது. பலிபூசைக்கு முன்பே தெமெலினா பாதிரியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். திட்டவில்லை. எலும்பறைக்கு முன்னால் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, "என்ன பேர் சொல்லட்டும்?" என்று கேட்டபோது அவர் பார்வை நோமிக்கியிடம் போயிற்று. ஊர்ப் பெண்களெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெயோஃபிலிஸ்" என்றாள் நோமிக்கி. அதோடு நிறுத்திவிடுவாள் என்றே தெமெலினா நினைத்தாள். "மிக்கேஸ்" என்றாள்.  "அப்புறம் பேர் தெரியாத மாலுமி ஒருத்தன். அவனையும் ஒருத்தி பெத்திருப்பா சாமி."

கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். பின்வரிசையில் நின்ற கிளியாந்தீஸ் தொப்பியைக் கழற்றினார். பாதிரியார் அப்படியே வாசித்தார். ஆண்டவர் அவர்களை மன்னித்து நிழலான இடத்தில் இளைப்பாறச் செய்வாராக என்றார். பெட்டி அலமாரியின் கீழ்த்தட்டில், ஈரச்சுவர் ஓரமாக, மற்றவர்களின் பெட்டிகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்தது. மிகச் சின்னப் பெட்டி. மீதி உடம்புகளெல்லாம் கடலில்தான் இருந்தன, இனியும் அங்கேதான் இருக்கும்.

கோதுமையை நோமிக்கி எல்லோருக்கும் கொடுத்தாள். தெமெலினாவுக்கும் ஒரு கை அள்ளிப் போட்டாள். அடிப்பிடித்த வாடை அதில் இருந்தது. மாதுளை முத்துக்களின் புளிப்பையும் மீறி ஒரே தித்திப்பாக இருந்தது.

"என்ன முழிக்கற?" என்றாள் நோமிக்கி, கடலைப் பார்த்தபடி. "சர்க்கரை தூக்கல், தெரியும். அடுத்த வருஷம் நீ அவி, அத்தே."

தட்டைத் துணியால் மூடிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனாள்.