நூற்றிருபது ஆம்பியர்

வடக்கே, நிக்டி குடியிருப்பில் எல்லோரும் தத்து மாமா என்று அழைத்த தோட்டக்காரர் விளக்குக் கம்பத்தைத் தொட்டு இறந்த மூன்றாம் நாள், மின்பொறியாளர் அமலா, அந்த இடத்துக்குத் தான் முன்பு போட்ட மின் பாதுகாப்புக் கணக்கைக் கணினியில் திறந்தாள். தவறு உடனே கண்ணில் பட்டது.

அங்கே முன்பு டீசல் ஜெனரேட்டர் இருந்தது. வயர் எங்கே உரசினாலும் அறுநூறு ஆம்பியரைக் கொட்டும். நானூற்றைத் தாண்டியதும் பிரேக்கர் விழுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். பிறகு சோலாரும் இன்வெர்ட்டரும் வந்தன. அமலா பழைய கணக்குக் கோப்பை நகலெடுத்து, ஜெனரேட்டர் என்ற பெயரை மட்டும் மாற்றினாள்; நானூறு அப்படியே நின்றது. அலுவலகத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ளும். நூற்றிருபதுக்கு மேல் தராது. தத்து மாமா இறந்த அன்று மின்வெட்டு; இன்வெர்ட்டர்தான் ஓடியது. கம்பத்தடியில் கேபிள் உரிந்து இரும்பைத் தொட்டபோது, பிரேக்கர் வராத நானூற்றுக்காகக் காத்திருந்தது; கம்பத்தில் மின்சாரம் நின்றது.

பிரேக்கரைக் கெடுத்துவிட்டார் என்று குடியிருப்பின் எலக்ட்ரீஷியன் முகமது ரஃபீக்கைப் போலீஸ் பிடித்துவைத்திருந்தது.

"சார், ரஃபீக் பாய் மேல தப்பில்ல. நம்ம கணக்குதான் தப்பு."

மேலாளர் பாலச்சந்திரன் கதவைச் சாத்தினார். கோவைக்காரர். "மெதுவாப் பேசு கண்ணு. கையெழுத்துப் போட்டது நானு. அந்தாளை ரெண்டு நாள்ல விட்டுருவாங்க."

"விடலைன்னா?"

"மீட்டிங்ல வாயே தொறக்க மாட்டே. இன்னைக்கு மட்டும் என்ன? கரண்ட் இன்ஸ்பெக்டரம்மா கேட்டா, கணக்குப்படி பிரேக்கர் விழணும்னு சொல்லு. பொய்யில்லையே."

மறுநாள் மின் ஆய்வாளரம்மா அலுவலகத்துக்கு வந்து, கணக்குப்படி பிரேக்கர் விழுமா என்று ஹிந்தியில் கேட்டார்.

"கணக்குப்படி விழும்," என்றாள் அமலா. "கணக்கு தப்பு. நான் போட்டது." தாளில் நானூறு, நூற்றிருபது என்று இரண்டு எண்களையும் எழுதிக் காட்டினாள்.

ஆய்வாளர் தாளை வாங்கிக்கொண்டார். "இதே கோப்பு வேறு எங்கே போயிருக்கிறது?"

ரஃபீக்கை மட்டுமே நினைத்திருந்த அமலா, மற்ற இடங்களை அப்போதுதான் எண்ணினாள்.

"நாலு இடம்," என்றாள்.

அந்த நாலில் முதல் குடியிருப்பின் காவலாளியை அவளே போனில் அழைத்தாள். பின்னால் குழந்தைகள் ஓடும் சத்தம் கேட்டது. கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிறது, எல்லாம் இன்வெர்ட்டரில்தான் ஓடுகிறது என்றார் அவர் ஹிந்தியில்.

"கம்பத்துகிட்ட யாரையும் விடாதீங்க!" பதற்றத்தில் ஹிந்தி வராமல் அமலா தமிழில் கத்தினாள்.

"க்யா மேடம்?"