வேலிக்கு அடியில் போன டீசல்

“டேங்க் இங்கதான் இருந்துச்சு தங்கச்சி. நல்லா பார்த்துக்கங்க லா,” என்று மோகனராஜ் கோழிக்கூண்டுக்குப் பின்னால் கையைக் காட்டினார். அப்பட்டமான பொய்.

பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய கீரைத் தோட்டம். பக்கத்துத் தோட்டத்து யாழ்ப்பாணத்தார் கதிர்காமநாதன், தன் கிணற்றில் டீசல் வாடை வருவதாகப் புகார் கொடுத்திருந்தார். அதனால்தான் சுற்றுச்சூழல் இலாகாவிலிருந்து துளசியும் இக்மலும் சோதனைக்கு வந்திருந்தார்கள். இக்மல் இரும்புக் குழாயை மண்ணுக்குள் அடித்து இறக்கினான். மண்ணுக்குள் இருக்கும் காற்றை அதன் வழியாக உறிஞ்சி, துளசி கையிலிருந்த மீட்டரைப் பார்த்தாள். எண் ஏறவில்லை. பிறகு துளை போட்டு நிலத்தடி நீரையும் போத்தலில் பிடித்துக்கொண்டாள்.

“உங்க தோட்டத்துல கெணறு இருக்காண்ணே?”

“இருந்துச்சு. எப்பவோ மூடியாச்சு.”

மூடித்தான் இருந்தது. அன்று காலையில்தான் நீலக் கான்வாஸைப் போர்த்தி, மேலே உர மூட்டைகளை அடுக்கியிருந்தார் நம் ஆள். லோரிகளுக்கு டீசல் ஊற்றிவைக்கும் டேங்க் புதைந்திருப்பதும் அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில்தான். லோரி நகராமலே டீசல் குறைவதைப் போன வருடமே அவர் கவனித்துவிட்டார். வெளியே தெரிந்தால் தோட்டத்தை இழுத்து மூடுவார்கள், மண்ணைத் தோண்டி எடுக்கச் சொல்வார்கள், அவர் கீரையை ஒருவரும் வாங்க மாட்டார்கள். அந்தப் பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் தைப்பூசம். கடையில் கொடுக்க வேண்டிய கீரையை ஏற்றிக்கொண்டு அவர் டவுன் பக்கம் சுங்கை பினாங் போய்விட்டார். அப்பாடா, தப்பித்தோம் என்று தேத்தண்ணி சொல்லி உட்கார்ந்தபோது போன் அடித்தது. மனைவி ரமணி.

“என்னங்க! நம்ம தோட்டத்துல ஒண்ணுமே இல்லையாம்! டெஸ்ட் பண்ண வந்த பொண்ணு போறப்ப வாசல் கேட்டுல சொல்லிச்சு. லேப்புல இன்னும் பாக்கணும்னு என்னமோ சொல்லிச்சு, அது சும்மா லா. நீங்க சொன்ன மாதிரி வெறும் பம்ப் கிரீஸ் வாடைதான், நான்தான் பயந்துட்டேன். மூட்டையெல்லாம் தள்ளிட்டு கெணத்துத் தண்ணியே எடுத்துட்டு வந்துட்டேன். பந்தல்ல மோர் கலக்கப்போறோம்!”

அவர் வாயைத் திறப்பதற்குள் உறுமி மேளச் சத்தம் பெரிதாகி இணைப்பு அறுந்தது.

மகளுக்கு வலிப்பு வந்து பிழைத்த வருடம் ரமணி வேண்டிக்கொண்டது அது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வருடாவருடம் தங்கள் கிணற்றுத் தண்ணீரில் மோர் கலந்து ஊற்ற வேண்டும். இந்த வருடம் வாடை வந்ததால் பைப் தண்ணீரிலா ஊற்றுவது என்று அழுதவள், இப்போது சந்தோஷத்தில் குதிக்கிறாள். பாவி நான் சொன்ன பொய்யை நம்பித்தானே அண்டாவை நிரப்பியிருக்கிறாள்!

திரும்பத் திரும்ப அழைத்தார். அவள் எடுக்கவில்லை. லோரியைக் கிளப்பினார், ஆனால் ரதம் வரும் சாலைகளை அடைத்திருந்தார்கள். லோரியை ஓரமாக விட்டுவிட்டு இறங்கிப் பந்தலை நோக்கி ஓடினார். சிலிப்பர் அறுந்ததைக்கூடப் பார்க்கவில்லை. முருகா, ஒருத்தரும் குடித்திருக்கக் கூடாது, ஒருத்தரும் குடித்திருக்கக் கூடாது என்று அவர் வாய் புலம்பியது.

பந்தலில் வரிசை நின்றிருந்தது. ரமணி முதல் குவளையை ஒரு கர்ப்பிணிப் பெண்ணிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். மோகனராஜ் பாய்ந்து அதைத் தட்டிவிட்டார். அண்டாவையும் காலால் எத்திக் கவிழ்த்தார்.

“டேய், பைத்தியமா உனக்கு?” என்று வரிசையில் யாரோ கத்தினார்கள்.

“யாரும் குடிக்காதீங்க! அதுல டீசல் இருக்கு! என் டேங்க் ஒழுகுது. டெஸ்ட் பண்ண வந்தவங்களுக்கு நான் வேற எடத்தக் காட்டிட்டேன்!”

ரமணி கரண்டியோடு நின்றாள். தரையில் வழிந்த மோரைப் பார்த்தாள், கணவனின் வெறுங்காலைப் பார்த்தாள்.

“இங்க ஓடி வந்தீங்களே,” என்றாள். குரல் உயரவே இல்லை. “பக்கத்துத் தோட்டத்து நாதன் அண்ணே இத்தன மாசமா அந்தத் தண்ணியத்தானே குடிச்சாரு? அப்ப ஏங்க கால் ஓடல?”

மோகனராஜ் கையில் போனை எடுத்தார். முதலில் கதிர்காமநாதனைக் கூப்பிட்டு, கிணற்றுத் தண்ணீரைத் தொட வேண்டாம் என்றார். அடுத்து துளசியைக் கூப்பிட்டார்.

பூசம் முடிந்ததும் துளசி மறுபடி வந்தாள். இந்த முறை மோகனராஜே கிணற்றடிக்குக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார். குழாய் மண்ணுக்குள் இறங்கியதுமே மீட்டர் அலறத் தொடங்கியது. தோட்டத்தை மூட வேண்டும் என்றாள் துளசி. அவர் தலையாட்டினார். கதிர்காமநாதன் வேலி ஓரமாக வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“நானும் மனுசியும் அதைத்தான் குடிச்சனாங்கள். ஏன் தம்பி முதலே சொல்லேல்லை?”

“எனக்குத் தோட்டம் போயிடுமேன்னு பயம்ண்ணே,” என்றார் மோகனராஜ். “வேலி மேலதாண்ணே இருக்கு. மண்ணுக்கு அடியில வேலி இல்ல. நம்ம தப்ப நம்ம எடத்துலயே பொதைச்சாலும் அது அடுத்தவங்க குடிக்கிற தண்ணிக்குத்தான் போகும். உங்க கையில இருந்த குவளைய நான் போன வருசமே ஓடி வந்து தட்டிவிட்டிருக்கணும்.”