தும்பிக்கை இல்லாத ‘ளை’

“இந்த அம்மன்ர பேப்பரைக் காட்டுங்கோ, அங்கிள்.”

கேட்டுவிட்டேன். யாரிடமும் பேப்பர், அதாவது அத்தாட்சிப் பத்திரம், கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். படகில் வந்து இறங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு வருடமாக ஊரெல்லாம் எங்களிடம்தான் பேப்பர் கேட்கிறது. “கேக்கிற இடத்தில நாங்கள் இல்லை, பிள்ளை” என்பார் அப்பா. பரமேஸ்வரன் அங்கிளிடம் மறந்தும் கேட்டுவிடாதே என்று, நான் வேலைக்குச் சேர்ந்த அன்று தனியாக வேறு சொல்லியிருந்தார்.

அப்பாவும் அங்கேதான் நின்றார். பிளாக்டவுனில் இருக்கும் அங்கிளின் களஞ்சியத்தில் சிலைகளுக்கு மரப்பெட்டி அடிப்பது அவர் வேலை. ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த ட்ரில் சத்தம் நின்றுபோனது.

அங்கிளுக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். 1985இல் விசாவோடு விமானத்தில் வந்தவர் அவர். பழைய சிலைகள் வாங்கி விற்பவர், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், தேர் வடத்தில் முதல் கை வைப்பவர்.

“கிறகோரி, உம்மட மகள் பொலிஸில சேந்திட்டாளோ?”

“அவள் சும்மா கேக்கிறாள், ஐயா.” அப்பாவுக்கு அவர் எப்போதும் ஐயாதான்.

“சும்மா கேக்கேல்லை” என்றேன். “கையெழுத்துப் போடச் சொல்லுறீங்கள். போட முதல் பாக்கவேணும்.”

விஷயம் இதுதான். மேசையில் நிற்பவள் பார்வதி, சோழர் காலத்து வெண்கலம், இரண்டரை அடி. எண்ணூறு வருட அபிஷேகத்தில் மூக்கு மழுங்கியிருக்கிறது, காது மடிப்பில் இன்னும் சந்தனம். போன வாரம் படம் எடுப்பதற்காகப் பீடத்தின் பின்பக்கத்தைப் பஞ்சால் துடைத்தபோது அழுக்குக்குள்ளிருந்து எழுத்து வந்தது. பாத்திரக்கடையில் குடத்துக்குப் பெயர் வெட்டுவார்களே, அதுபோலப் புள்ளி புள்ளியாக. *உபயம் வைத்திலிங்கம் பிள்ளை ருத்ரோத்காரி வருஷம் பங்குனி.* பீடத்தில் ஒரு வெடிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது, ஒட்டப் பணம் கொடுத்தவரின் பெயராக இருக்கும். வாங்கப்போகும் மெல்பேர்ன்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, அது என்ன எழுத்து, எந்த ஆண்டு என்று தமிழ் படித்த ஒருவர் கையெழுத்திட்டுத் தரவேண்டும் என்றார். களஞ்சியத்தில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். எங்கள் பரம்பரையிலும் நான் ஒருத்திதான்.

அங்கிள் கோப்பைத் தூக்கி என் முன்னால் போட்டார். உள்ளே ஒரே ஒரு தாள். 1968இல் மதராஸில் வாங்கி லண்டனுக்குக் கொண்டுபோன குடும்பத்தின் சொத்து என்றிருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியாவில் சட்டம் இறுகியது. அதற்கு முன் வெளியேறிய சிலை என்றால் வாங்குகிறவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

“ருத்ரோத்காரி எண்டா 1983, 84” என்றேன். “அறுபத்தெட்டில லண்டனுக்குப் போன அம்மனுக்கு, எண்பத்துநாலு பங்குனியில ஆர் உபயம் செய்தது?”

“தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருக்காத் திரும்பி வரும், பிள்ளை. யூனிவர்சிட்டியில சொல்லித்தரேல்லையோ? 1923, 24 எண்டும் வரும். அதைத்தான் எழுதச் சொல்லுறன். பொய் இல்லை. ரெண்டில ஒண்டு.”

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்தார். சங்கத்தின் முத்திரை, அப்பா பத்து வருடமாக நேர்மையாக வேலை செய்பவர் என்ற வரிகள், கீழே கையெழுத்துக்காக விட்ட இடம். இந்த நாட்டில் இருக்க அனுமதி கேட்டு அமைச்சருக்குப் போகும் எங்கள் மனுவோடு சேர்க்க வேண்டிய கடிதம். இரண்டு தடவை நிராகரித்துவிட்டார்கள். திங்கட்கிழமை பயணப் பத்திரத்துக்குப் படம் எடுக்க அப்பாவையும் அம்மாவையும் வரச்சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படத்துக்குப் பிறகு ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். வழக்கறிஞர் யோகா அன்ரி ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: “வெள்ளிக்கிழமை மனு போகவேணும். பரமேஸ்வரன்ர கடிதம் இல்லாட்டி அதில ஒண்டுமில்லை.”

இன்று புதன்.

“நீ உன்ர வரியை எழுது. நான் என்ர பேரைப் போடுறன். ரெண்டு மணிக்கு லொறி வருது” என்றார் அங்கிள்.

“எழுது, பிள்ளை” என்றார் அப்பா. ட்ரில்லைக் கீழே வைக்காமல், என்னைப் பார்க்காமல். “ஒரு வரிதானே. ஆருக்கு என்ன நட்டம்? எங்கட மாதாவும் இல்லை அது.”

நான் பேனாவை எடுத்தேன். மறைக்க ஒன்றுமில்லை, எடுத்தேன். வென்ட்வேர்த்வில் வீட்டில் அம்மா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. எது குளிருக்கு, எது மன்னார் வெயிலுக்கு என்று உடுப்பைப் பிரிக்கிறாள், பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மறுபடி பிரிக்கிறாள். ஒரு வரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்று. அறுபதுக்கு ஒருமுறை திரும்புகிற வருடம்தானே, யார் கண்டுபிடிப்பது?

பீடத்தை இன்னொரு முறை பார்த்தேன். பார்க்காமல் எழுதியிருக்கலாம்.

“அங்கிள், ‘பிள்ளை’ எண்டு ஒருக்கா எழுதிக் காட்டுங்கோ.”

“என்ன விளையாட்டு இது?”

“எழுதுங்கோ. ஒரு சொல்தானே.”

அவர் சலித்துக்கொண்டே கோப்பின் ஓரத்தில் எழுதினார். எழுபத்தொரு வயது, அழகான கையெழுத்து. கடைசி எழுத்துக்கு முன்னால் இரட்டைச் சுழி போடவில்லை. ‘ள’வின் தலையோடு சேர்த்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வளைத்தார். அந்தக் காலத்து ‘ளை’. அப்பாவும் அப்படித்தான் எழுதுவார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவரைப் பார்த்து நானும் தும்பிக்கை போட்டு, ஆசிரியையிடம் சிவப்புக் கோடு வாங்கியிருக்கிறேன். தமிழ்நாட்டில் அதை மாற்றச் சொல்லி அரசாணை வந்தது 1978இல். எங்கள் ஊருக்கு அதற்குப் பிறகும் மெதுவாகத்தான் வந்தது.

சிலையைத் திருப்பினேன். பீடத்தில் ‘பிள்ளை’க்குத் தும்பிக்கை இல்லை. சுழி இரண்டும் தனியாக, தெளிவாக, புள்ளி புள்ளியாக ‘ள’வுக்கு முன்னால் நின்றன.

“நீங்களே இன்னும் பழசைத்தான் எழுதுறீங்கள். 1923இல ஒரு பாத்திரக்காரன் புது எழுத்து வெட்டினவனோ? ஐம்பது வருசத்துக்கு முதலே அரசாணை அவன்ர கனவில வந்ததோ?”

அங்கிள் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இத்தனை வருடம் விற்றவர், வருடத்தை மட்டும்தான் வாசித்திருக்கிறார். நிமிர்ந்தபோது முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

“மெல்பேர்ன்காரனுக்குத் தமிழ் தெரியாது.”

“எனக்குத் தெரியும்.”

“இஞ்ச பார்.” குரல் தாழ்ந்தது. “களவு போனதோ, கோயில்காரரே வித்ததோ, எனக்குத் தெரியாது. கேக்கவுமில்லை. அவளும் இந்த நாட்டில இருக்கட்டும், நீங்களும் இருங்கோ. ரெண்டு பக்கத்துக்கும் ஒரு பொய் காணும். என்ன குறைஞ்சுபோகும்?”

பொய் காணும். அகதி விசாரணையில் அப்பாவின் முதுகைப் பார்த்த அதிகாரி, ஊரில் அடிபட்ட தழும்புகள் தச்சு வேலையில் பட்டவையாகவும் இருக்கலாம் என்று எழுதினார். உண்மையை முதுகில் சுமந்து வந்தவருக்கு அது காணாது, போதாது. இந்தச் சிலைக்கு ஒரு தாளும் என் ஒரு வரியும் காணும். வைத்திலிங்கம் பிள்ளையின் ஊரில் இவள் நின்ற இடம் இப்போது வெறுமையாக இருக்கும், அல்லது அதில் வேறொன்றை வைத்து ஏமாற்றியிருப்பார்கள். அங்கே யாரோ கேட்டுக்கொண்டு இருப்பார்கள். அவர்களிடமும் யாராவது பேப்பர் கேட்டிருப்பார்கள்.

எழுதினேன். *1983–84. ‘ளை’ 1978க்குப் பிந்திய வடிவம். கோப்பில் உள்ள 1968 என்ற ஆண்டோடு இது பொருந்தாது.* ஆங்கிலத்திலும் எழுதி, அனோஜினி கிறகோரி என்று முழுப்பெயர் போட்டு, படம் பிடித்து, மெல்பேர்ன்காரரின் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினேன். தமிழ்நாட்டில் சிலைக் களவு விசாரிக்கும் பொலிஸுக்கும் அனுப்பினேன். முகவரியைப் போன வாரமே எடுத்து வைத்திருந்தேன். எதற்கு எடுத்தேன் என்று இன்றுவரை என்னையே நான் கேட்டதில்லை.

“அனுப்பியாச்சு” என்றேன்.

அங்கிள் கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். கிழிக்கக்கூட இல்லை. “கிறகோரி, நீரும் வெளிக்கிடும்” என்றார். பத்து வருட வேலை, அவ்வளவுதான்.

அப்பா ட்ரில்லை மேசையில் வைத்தார்.

“எங்களைச் சாக்காட்டிப்போட்டாய், பிள்ளை.”

அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். திங்கட்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள். கடிதம் இல்லாத மனுவையும் வெள்ளிக்கிழமை கொடுப்பேன், யோகா அன்ரி திட்டத் திட்டக் கொடுப்பேன்.

“அம்மாவுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?”

“நீங்கள் சொல்லவேண்டாம், அப்பா. நான் சொல்லுறன்.”

அவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, லொறிக்காகத் திறந்து வைத்திருந்த கதவு வழியாக வெளியே நடந்தேன்.