கொலீன் பர்க் பெயரில் ஒரு கட்டுரை

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டுரையை வாசிக்கத் தொடங்கியபோது, அமெரிக்காவின் டொலிடோ நகர நீதிமன்றத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த டேலுக்கு அடுத்து வரும் வாக்கியம் தெரிந்திருந்தது. அதை எழுதியவர் அவர்தான். கொலீன் பர்க்கின் சட்ட அலுவலகத்தில் அவருடைய பணி அது: வழக்கறிஞர்களின் பெயரில் மாதந்தோறும் கட்டுரை எழுதி இணையத்தில் வெளியிடுவது. விஷயம் தெரிந்தவர் என்று நம்பி ஆட்கள் வழக்கோடு வர வேண்டும். கொலீன் அவற்றைப் படிப்பதில்லை. தம் புகைப்படம் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

அந்த ஆண்டு கடை முதலாளிகளை ஈர்க்க விரும்பினார்கள். ஆகவே, கடையில் காயமுற்றவர் 'இனி எதுவும் கோரமாட்டேன்' என்று கையெழுத்திட்டுவிட்டால், பிறகு வலியைக் காரணம் காட்டுவது செல்லாது என்று டேல் மிகத் தெளிவாக எழுதியிருந்தார். முதலாளிகள் எவரும் வரவில்லை. வந்தவர், இப்போது கொலீன் வாதாடும் இந்த வழக்கின் லொரெய்ன். கடை அலமாரி சரிந்து வலக்கை நசுங்கியவர். கடைக்காரர் நீட்டிய அதே உறுதிமொழியில் மருத்துவமனைக் கட்டிலில் இடக்கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். இழப்பீடு கிடைத்தால்தான் மறு அறுவை சிகிச்சை. அது நடந்தால்தான் விரல்கள் மடங்கும்.

"கட்டுரை சட்டம் ஆகாது," என்றார் நீதிபதி. "இருந்தாலும் கேக்குறேன், மிஸ் பர்க். இது உங்க கருத்துதானே?"

கொலீன் ஒருமுறை கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாமென்று டேலுக்குத் தோன்றியது. சொன்னால் அலுவலகத்தின் அத்தனை கட்டுரைகளும் பொய்யாகிவிடும். அவர் எழவில்லை.

"என்னோடதுதான், யுவர் ஆனர்."

லொரெய்ன் போட்ட கையெழுத்து செல்லும் என்று வழக்குத் தள்ளுபடியாயிற்று.

"என்னைவிட நல்லா வாதாடியிருக்கே, டேல்," என்றார் கொலீன், நடைக்கூடத்தில்.

"வெளியிடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாருங்கன்னு சொல்லியிருந்தேன்."

"நீ எழுதுறதையெல்லாம் யாருய்யா படிக்கிறா?"

கொலீன் லிஃப்டை நோக்கி விரைந்தார். பெஞ்சில் லொரெய்ன் தனியே அமர்ந்திருந்தார். டேல் அருகே சென்று நின்றார்.

"அந்தக் கட்டுரையாலதான் தம்பி நான் இவங்ககிட்டயே வந்தேன்," என்றார் லொரெய்ன். "கையெழுத்துப் போட்டுட்டோமேன்னு நெட்டுல தேடினப்போ அதுதான் முதல்ல வந்துச்சு. தலைப்புல கையெழுத்துன்னு இருந்ததைப் பாத்தேன். அந்தம்மா முகமும் நல்ல முகமா இருந்துச்சு. அதுக்கு மேல படிக்கல."

"மேல்முறையீடு..." என்று டேல் தொடங்கினார்.

"குளிருது. கோட்டைக் கொஞ்சம் பிடிப்பா."

டேல் கோட்டை விரித்துப் பிடித்தார். இடக்கை எளிதாக நுழைந்தது. வலக்கையின் விறைத்த விரல்கள் உள்துணியில் சிக்கின. லொரெய்ன் மெல்லத் தள்ளினார், நின்றார், மீண்டும் தள்ளினார். டேல் கைப்பகுதியை அகலப் பிடித்தபடியே நின்றிருந்தார்.